மண்டபத்துக்கு வெளியே நின்று கேட்பது: ஈ.ஈ.ஜி. என்ன காட்டும், என்ன காட்டாது?

என் அக்கா மகனுக்கு அப்போது எட்டு வயது. பேசிக்கொண்டே இருப்பான், திடீரென்று நிறுத்திவிடுவான். இட்லித் துண்டு கையில் அப்படியே நிற்கும், கண் எங்கோ பார்க்கும். ஏழெட்டு நொடி இருக்கும். அப்புறம் விட்ட இடத்திலிருந்து சாப்பிடத் தொடங்குவான். "வகுப்பில் கவனமே இல்லை, பகல்கனவு காண்கிறான்" என்று பள்ளியிலிருந்து இரண்டு முறை எழுதி அனுப்பிவிட்டார்கள். டாக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு ஈ.ஈ.ஜி. (மூளையின் மின் அலைகளைத் தலைக்கு வெளியிலிருந்தே கோடுகளாகப் பதியும் சோதனை) எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார்.

முந்தின நாளே சொல்லியனுப்பினார்கள்: தலையில் எண்ணெய் துளிகூட இருக்கக் கூடாது. நம் வீடுகளில் அது லேசான வேலையில்லை. அக்கா இரண்டு முறை ஷாம்பு போட்டு அலசிக் கூட்டிவந்தாள். டெக்னீஷியன் டேப்பை வைத்து அவன் தலையை அளந்தார். மூக்கும் நெற்றியும் சேரும் பள்ளத்திலிருந்து பின்மண்டை எலும்பு மேடு வரை ஒரு அளவு, காதிலிருந்து காது வரை இன்னொன்று. பென்சிலால் புள்ளி வைத்தார். ஒவ்வொரு புள்ளியிலும் முடியை விலக்கி, நறநறவென்ற ஒரு பசையால் தோலைத் தேய்த்துச் சுத்தம் செய்து, குட்டிக் கிண்ணம் போன்ற உலோக வில்லைகளை வெள்ளைப் பசை வைத்து ஒட்டினார். மொத்தம் 21. ஒட்டி முடிக்கவே அரை மணி நேரம் ஆனது.

பையனுக்கு ஒரே கவலைதான். "ஆன்ட்டி, நான் மனசுல என்ன நினைக்கிறேன்னு இதுல தெரியுமா?"

"தெரியாது கண்ணா. நீ முழிச்சிருக்கியா தூங்குறியான்னு தெரியும். மூளைக்குள்ள சில கோளாறு இருந்தா அதுவும் தெரியும்."

பிறகு அவன் கையில் ஒரு காகிதக் காற்றாடியைக் கொடுத்து, மூன்று நிமிடம் விடாமல் ஊதச் சொன்னார். வேகவேகமாக மூச்சு விட்டால் சில வகை வலிப்பு அப்போதே வெளிப்படும் என்பதற்காக. இரண்டாவது நிமிடத்தில் காற்றாடி மெதுவாகி நின்றது. அவன் கண் வெறித்திருந்தது. அதே நேரம் திரையில் அதுவரை சின்னச் சின்னக் கிறுக்கலாக ஓடிய கோடுகள் எல்லாம் ஒன்றாக எழுந்து, கூரான முனையும் அகலமான வளைவுமாக நொடிக்கு மூன்று வீதம் குதித்தன. எட்டு நொடி. சட்டென்று அடங்கின. காற்றாடி மறுபடி சுற்றியது. தான் நிறுத்தியது அவனுக்கே தெரியாது.

பகல்கனவு இல்லை, வலிப்பு. கைகால் வெட்டாத, கீழே விழாத, சில நொடி நினைவு மட்டும் விட்டுப்போகிற வகை. நொடிக்கு மூன்று என்ற அந்த வடிவத்தை 1935-இல் அமெரிக்காவில் ஹார்வர்டைச் சேர்ந்த கிப்ஸ், டேவிஸ், லெனாக்ஸ் ஆகியோர் விவரித்தார்கள். இன்றும் டாக்டர்கள் அதைத்தான் தேடுகிறார்கள்.

அன்றிலிருந்து ஈ.ஈ.ஜி. பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். நெற்றியில் கட்டும் பட்டைகள் கடையில் கிடைக்கும் காலம் இது. "மூளையைப் படிக்கிறோம்" என்று விளம்பரம் வருகிறது. அந்தக் கருவி உண்மையில் எதைப் பிடிக்கிறது என்று தெரிந்துகொண்டால், எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பதும் கூடவே புரிந்துவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நியூரான்கள், அதாவது நரம்பு செல்கள், இருக்கின்றன. ஒன்று இன்னொன்றுக்குச் செய்தி அனுப்பும்போது, வாங்கிக்கொள்ளும் நியூரானில் சிறிய மின்னழுத்த மாற்றம் ஏற்படுகிறது. தனி நியூரானின் மாற்றம் மிக மிகச் சிறியது. மூளை உறை, மண்டையோடு, தோல் எல்லாவற்றையும் தாண்டி அது வெளியே வரவே வராது. ஆனால் மூளையின் மேற்பரப்பான புறணியில் ஒருவகை நியூரான்கள் நட்டுவைத்த தென்னை போல ஒரே பக்கம் பார்த்து வரிசையாக நிற்கின்றன. அவற்றில் பல ஆயிரம், பல லட்சம் ஒரே நேரத்தில் ஒரே போக்கில் மாறினால், அந்தச் சிறு மாற்றங்கள் ஒன்றின்மேல் ஒன்று கூடித் தோலுக்கு மேலே தெரியும் அளவுக்கு வரும். ஈ.ஈ.ஜி. பிடிப்பது இந்தக் கூட்டுத்தொகையை மட்டும்தான்.

ஒரு கல்யாண மண்டபத்துக்கு வெளியே, சுவரில் காதை வைத்து நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஆயிரம் பேர். எல்லாரும் ஆளுக்கொன்று பேசுகிறார்கள். உங்களுக்குக் கேட்பது ஒரு இரைச்சல். மூன்றாவது வரிசையில் பெரியம்மா சித்தியிடம் என்ன சொல்கிறாள் என்று எவ்வளவு நல்ல காது இருந்தாலும் கேட்காது. ஆனால் கெட்டிமேளம் கொட்டினால் தெரிந்துவிடும். தாலி கட்டியாயிற்று என்று, உள்ளே எதையும் பார்க்காமலே, அந்த நொடியைத் துல்லியமாகச் சொல்லிவிடலாம். பந்தி முடிந்து கூட்டம் கலைந்துவிட்டதையும் சொல்லலாம். பேச்சு கேட்காது, நிலை தெரியும், நேரம் மிக நன்றாகத் தெரியும். ஈ.ஈ.ஜி.யின் பலமும் பலவீனமும் இதுதான்.

இதிலிருந்து முதலில் தலைகீழாகத் தோன்றும் ஒரு விஷயமும் வருகிறது. பெரிய அலை என்றால் மூளை அதிகம் வேலை செய்கிறது என்று பொருளில்லை. விழித்திருந்து கணக்குப் போடும்போது நியூரான் கூட்டங்கள் ஆளுக்கொரு வேலையில் இருக்கும். ஒன்றின் மேடு இன்னொன்றின் பள்ளத்தில் கரைந்துபோய், வெளியே சின்ன அலைதான் வரும். ஆழ்ந்து தூங்கும்போது எல்லாம் சேர்ந்து மெதுவாக எழுந்து விழும். அலை பெரிதாகிவிடும். என் மருமகனுக்கு வந்த அந்த எட்டு நொடியில் மண்டபம் முழுக்க ஒரே தாளத்தில் கைதட்டிக்கொண்டிருந்தது. வேறு எந்தப் பேச்சுக்கும் அங்கே இடமில்லை. அதனால்தான் அவன் "இல்லாமல்" போனான்.

சரி, எவ்வளவு சின்ன சிக்னல் இது? பொதுவாக 10 முதல் 100 மைக்ரோவோல்ட். சுவர்க் கடிகாரத்தில் போடும் பேட்டரி 1.5 வோல்ட். ஐம்பது மைக்ரோவோல்ட் என்பது அதில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு. இவ்வளவு மெல்லியதைப் பிடிக்கப் போனால் கூடவே ஆயிரம் குப்பையும் வரும். கண்விழியே ஒரு சின்ன பேட்டரி மாதிரி, முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் மின்னழுத்த வித்தியாசம் உண்டு. கண் சிமிட்டினால் நெற்றிப் பக்கக் கோடுகளில் மூளை அலையைவிடப் பெரிய மேடு எழும். பல்லைக் கடித்தால் தாடைத் தசையின் மின்சாரம் திரையையே கறுப்பாக்கிவிடும். அறையின் மின்கம்பிகளிலிருந்து நொடிக்கு 50 முறை அதிரும் மின் இரைச்சல் ஒட்டிக்கொள்ளும். 1970-களில் கனடாவின் ஹாமில்டன் நகரில் நரம்பியல் மருத்துவர் ஏட்ரியன் அப்டன், எலுமிச்சை ஜெல்லி ஒன்றில் எலெக்ட்ரோடுகளை (தலையில் ஒட்டும் அந்த உலோக வில்லைகளை) பொருத்திப் பார்த்தார். மூளை அலைபோலவே கோடுகள் வந்தன. ஜெல்லிக்கு உயிர் வந்துவிடவில்லை. சுற்றியிருந்த கருவிகளின் இரைச்சல் அதில் ஏறியிருந்தது. மூளைச்சாவு அறிவிக்கும் இடத்தில் கோட்டை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்று காட்டத்தான் அவர் அதைச் செய்தார். எண்ணெயை எடுப்பதும், தோலைத் தேய்ப்பதும், அரை மணி நேரம் பொறுமையாக ஒட்டுவதும் இந்தக் குப்பையைக் குறைக்கத்தான்.

விலங்குகளின் மூளையில் மின்னோட்டம் இருப்பதை 1875-லேயே லிவர்பூலில் ரிச்சர்ட் கேட்டன் முயல்களிலும் குரங்குகளிலும் கண்டு சொல்லிவிட்டார். மனிதரிடம் முதலில் பதிவு செய்தவர் ஜெர்மனியின் யேனா நகர மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். அவருடைய கதையை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன், ஏனென்றால் இன்றைய விளம்பரங்களின் வேர் அங்கே இருக்கிறது. இளைஞராக ராணுவப் பயிற்சியில் இருந்தபோது குதிரையிலிருந்து விழுந்து, பீரங்கி வண்டியின் சக்கரத்தில் நசுங்கியிருக்க வேண்டியவர், மயிரிழையில் தப்பினார். அன்று மாலையே வீட்டிலிருந்து தந்தி: நலமா? அவருக்கு ஏதோ ஆபத்து என்று சகோதரிக்குத் தோன்றியதால், அப்பா அனுப்பிய தந்தி அது. தன் பயம் எப்படியோ சகோதரியின் மனதுக்குப் போய்ச் சேர்ந்தது என்று பெர்கர் நம்பினார். மனதின் சக்தியை அளக்க ஒரு வழி கண்டுபிடிப்பதே வாழ்நாள் வேலையாயிற்று.

1924 ஜூலையில், மண்டையோட்டில் ஒரு பகுதி எடுக்கப்பட்டிருந்த 17 வயது இளைஞனிடம் முதல் அசைவுகளைப் பார்த்தார். தான் பார்ப்பது உண்மைதானா என்று அவருக்கே சந்தேகம். தன் மகனின் தலையில்கூடப் பதிவு செய்து பார்த்து, ஐந்து ஆண்டு கழித்து 1929-இல்தான் கட்டுரை வெளியிட்டார். கண்ணை மூடி அமைதியாக இருந்தால் நொடிக்குப் பத்து வீதம் ஒரு சீரான அலை. கண்ணைத் திறந்தாலோ மனக்கணக்கில் இறங்கினாலோ அது மறைந்துவிடுகிறது. அதற்கு ஆல்ஃபா என்று பெயர் வைத்தார். பெரும்பாலோர் நம்பவில்லை. 1934-இல் கேம்பிரிட்ஜில், ஏற்கெனவே நோபல் பரிசு பெற்றிருந்த எட்கர் ஏட்ரியனும் மேத்யூஸும் சேர்ந்து சோதித்து, பெர்கர் சொன்னது சரி என்று காட்டிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. ஏட்ரியனின் தலையில் ஆல்ஃபா அழகாக வந்தது, மேத்யூஸின் தலையில் சரியாக வரவில்லை. ஒரு நீர்வண்டின் பார்வை நரம்பு முடிச்சிலும் அதே போன்ற தாளம் கிடைத்தது. பெர்கர் தேடிய மனசக்தி அந்தக் கோட்டில் இல்லை. அவருக்கு வந்து சேர்ந்தது கூட்டத்தின் தாளம்.

ஆல்ஃபா நொடிக்கு 8 முதல் 13. அதைவிட வேகமானது பீட்டா, இன்னும் வேகமானது காமா. மெதுவானது தீட்டா, நான்குக்கும் கீழே போனால் டெல்டா, ஆழ்தூக்கத்தில் வருவது. இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் "ஆல்ஃபா என்றால் நிம்மதி, பீட்டா என்றால் கவனம்" என்று எங்கேயாவது பட்டியல் பார்த்தால் சற்று நில்லுங்கள். இவை வேகத்துக்கு வைத்த பெயர்கள். பயந்து நடுங்கும் ஒருவர் கண்ணை மூடினாலும் ஆல்ஃபா வரலாம். நிம்மதியாக இருக்கும் மேத்யூஸுக்கு வராமலும் போகலாம்.

நிலையைச் சொல்வதில் ஈ.ஈ.ஜி. எவ்வளவு நல்லது என்பதற்குத் தூக்கம் ஒன்றே போதும். தூக்கம் ஒரே இருட்டு இல்லை, படிப்படியானது என்பது 1930-களில் இந்தக் கோடுகளைப் பார்த்துத்தான் தெரிந்தது. 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும், தூங்குபவரின் கண்கள் இமைக்குள் வேகமாக உருளும் வேளைகள் உண்டு என்றும், அப்போது எழுப்பினால் பலர் கனவு சொல்கிறார்கள் என்றும் கண்டார்கள். அந்த வேளையில் மூளை அலை விழித்திருப்பவருடையது போலவே இருக்கிறது.

நேரத்தைச் சொல்வதில் அது இன்னும் நல்லது. எம்.ஆர்.ஐ. கருவி மூளையின் ரத்த ஓட்டத்தைப் பார்த்து எந்த இடம் வேலை செய்கிறது என்று சொல்லும், ஆனால் ரத்தம் வந்து சேரச் சில நொடி ஆகும். ஈ.ஈ.ஜி. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு மில்லிநொடி வரை கணக்குச் சொல்லும். இடம் சொல்வதில் மட்டும் அது மோசம். சுவருக்கு வெளியே நிற்பவருக்குச் சத்தம் எந்த வரிசையிலிருந்து வருகிறது என்று தெரியாது அல்லவா, அப்படி.

ஆனால் ஒரு சொல்லைக் கேட்டதும் மூளையில் எழும் அசைவு, பின்னணி இரைச்சலைவிடச் சிறியது. அதை எப்படிப் பிரிப்பது? மறுபடி மண்டபத்துக்கே வருவோம். ஐம்பது கல்யாணங்களை வெளியிலிருந்து ஒலிப்பதிவு செய்து, எல்லாவற்றையும் தாலி கட்டும் நொடியில் பொருத்திச் சராசரி எடுத்தால், ஒவ்வொரு மண்டபத்திலும் மாறி மாறி வரும் பேச்சுச் சத்தம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் பொதுவான மேளம் மட்டும் எழுந்து நிற்கும். ஆராய்ச்சிக்கூடத்தில் அதைத்தான் செய்கிறார்கள். ஒரே வகைத் தூண்டலை ஐம்பது, நூறு முறை கொடுத்து, தூண்டிய கணத்தில் பொருத்திச் சராசரி எடுக்கிறார்கள்.

"அவன் காபியில் சர்க்கரை போட்டுக் குடித்தான்." இதை வாசிக்கும்போது ஒன்றும் ஆகாது. "அவன் காபியில் செருப்பு போட்டுக் குடித்தான்." 'செருப்பு' கண்ணில் பட்டு சுமார் 400 மில்லிநொடியில் உங்கள் ஈ.ஈ.ஜி.யில் ஒரு சரிவு பெரிதாக எழும். பொருள் பொருந்தவில்லை என்று மூளை கண்டுகொண்டதன் தடம். இப்படிப்பட்ட வாக்கியங்களை ஆங்கிலத்தில் வைத்து 1980-இல் இதைக் காட்டியவர்கள் மார்த்தா குட்டாஸும் ஸ்டீவன் ஹில்யார்டும். வாசிப்பு, மொழி கற்றல் பற்றிய எத்தனையோ ஆராய்ச்சிகள் இந்தச் சரிவின்மேல் நிற்கின்றன.

இன்னொன்று, எதிர்பார்த்துக் காத்திருக்கும் அரிய பொருள் வந்தால் சுமார் 300 மில்லிநொடியில் எழும் மேடு. 1965-இல் சாமுவேல் சட்டனும் உடனிருந்தவர்களும் கண்டது. இதைக் கொண்டு 1988-இல் ஃபார்வெலும் டோன்சினும் ஒரு தட்டச்சு முறையை உருவாக்கினார்கள். திரையில் ஆறு வரிசை, ஆறு நெடுவரிசையில் எழுத்துகள். வரிசைகள் மாறி மாறி மின்னும். நீங்கள் மனதில் வைத்திருக்கும் எழுத்து இருக்கும் வரிசை மின்னும்போது அந்த மேடு எழும். கணினி எழுத்தைக் கண்டுபிடித்துவிடும். நிமிடத்துக்கு இரண்டு மூன்று எழுத்துதான். ஆனால் விரலும் நாக்கும் அசையாத ஒருவருக்கு அது எவ்வளவு பெரிது! இங்கும் கருவி அவர் மனதைப் படிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர் ஒத்துழைத்து, ஒரு எழுத்தையே கவனித்து, அது மின்னக் காத்திருக்கிறார். கணினி "இப்போதா?" என்று மட்டும் கேட்கிறது.

இனி கடையில் கிடைப்பவை. 2009-இல் மேட்டல் நிறுவனம் மைண்ட்ஃபிளெக்ஸ் என்ற விளையாட்டை விற்றது. நெற்றியில் ஒரு சென்சார், காதில் கிளிப். கவனம் கூடினால் விசிறிக் காற்றில் பந்து உயரும். அதே காலத்தில் எமோட்டிவ் என்ற நிறுவனம் 14 சென்சார் வைத்த கருவி ஒன்றைக் கொண்டுவந்தது. 2014-இல் மியூஸ் என்ற தியானப் பட்டை வந்தது: நெற்றியில் இரண்டு, காதுக்குப் பின்னால் இரண்டு. பசை இல்லை, டேப் இல்லை, ஒரு நிமிடத்தில் மாட்டிவிடலாம்.

இவை பொய்க் கருவிகள் இல்லை. 2017-இல் கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகக் குழு ஒன்று மியூஸையே பயன்படுத்தி, மேலே சொன்ன 300 மில்லிநொடி வகை மேட்டைப் பிடித்துக் காட்டியது. ஆராய்ச்சிக்கூடத்துக்கு வர முடியாத மக்களிடம் போய்ப் பதிவு செய்ய இத்தகைய கருவி பெரிய உதவி. என் வருத்தமெல்லாம் செல்பேசித் திரையில் வரும் எண்ணைப் பற்றித்தான். "கவனம் 72." எதில் 72? ரத்த அழுத்தத்துக்கு ஒரு அலகு உண்டு, எந்தக் கருவியில் பார்த்தாலும் ஏறத்தாழ அதேதான் வரும். கவனத்துக்கு அப்படி ஓர் அலகு கிடையாது. நிறுவனம் தன் சூத்திரத்தில் போட்டு எடுக்கும் எண் அது. போதாக்குறைக்கு நெற்றி என்பது கண்ணுக்கும் புருவத் தசைக்கும் பக்கத்து வீடு. முகத்தைச் சுளித்து "கவனிக்க" முயன்றால், ஏறுவது தசையின் மின்சாரமாகவும் இருக்கலாம். பீட்டா, காமா வேகத்தில்தான் அதுவும் வருகிறது.

அந்த எண்ணைக் குழந்தைகள்மேல் வைக்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை. 2019-இல் சீனாவின் ஜின்ஹுவா பகுதியில் ஒரு தொடக்கப் பள்ளி மாணவர்களுக்கு இப்படிப் பட்டை மாட்டிவிட்ட செய்தி வெளிவந்தது. நெற்றியில் விளக்கு நிறம் மாறும், யார் கவனிக்கிறார், யார் இல்லை என்று ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் அறிக்கை போகும். எதிர்ப்பு கிளம்பி, அதிகாரிகள் நிறுத்திவைத்தார்கள். அங்கே என் மருமகன் உட்கார்ந்திருந்தால் அவனுடைய எட்டு நொடிக்கு என்ன நிறம் வந்திருக்கும்? கவனக்குறைவு என்று இன்னொரு குறிப்பு வீட்டுக்கு வந்திருக்கும்.

நீதிமன்றங்களும் இதைத் தொட்டிருக்கின்றன. இந்தியாவில் மூளை அலையை வைத்துக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் சோதனை நடந்ததுண்டு. 2010 மே 5 அன்று செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம், உண்மை கண்டறியும் ஊசி, பொய்யறியும் கருவி, மூளை அலைச் சோதனை மூன்றையும் யார்மீதும் கட்டாயப்படுத்திச் செய்யக் கூடாது என்று தீர்ப்பளித்தது. சிலி நாட்டில் 2021-இல் மூளைத் தகவலுக்கு அரசமைப்பிலேயே பாதுகாப்பு சேர்த்தார்கள். 2023-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், முன்னாள் செனட்டர் ஒருவர் தொடுத்த வழக்கில், அவருடைய மூளைப் பதிவை அழித்துவிடும்படி எமோட்டிவுக்கு உத்தரவிட்டது.

பட்டை ஒன்று உங்கள் கையில் கிடைத்தால், மதிப்பெண் திரையை விட்டுவிட்டு, அலையை அப்படியே காட்டும் திரை இருக்கிறதா என்று பாருங்கள். பத்து முறை கண் சிமிட்டுங்கள், பத்து மேடு வரும். பல்லைக் கடியுங்கள், கோடு தடிக்கும். இரண்டும் மூளை இல்லை. இப்போது முகத்தைத் தளரவிட்டு, யாரையாவது திரையைப் பார்க்கச் சொல்லிவிட்டு, ஒரு நிமிடம் கண்ணை மூடி இருங்கள். காதுக்குப் பின்னால் சென்சார் இருந்தால், பலருக்கு அங்கே நொடிக்குப் பத்து வீதம் சீரான அலை எழும். கண்ணைத் திறந்ததும் போய்விடும். பெர்கர் யேனாவில் பார்த்தது அதுதான்.

மருமகனுக்கு மருந்து தொடங்கி இரண்டு வருடம் கழித்து மறுபடி ஈ.ஈ.ஜி. எடுத்தோம். அதே டேப், அதே பசை, எண்ணெய் போக அதே இரண்டு முறை ஷாம்பு. வேகமாக ஊதும் குழந்தைகளுக்கு வழக்கமாக வரும் மெதுவான அலைகள் திரையில் வந்தன, கூரான முனை ஒன்றுகூட இல்லை. அக்கா திரையைப் பார்க்கவே இல்லை. மூன்று நிமிடமும் காற்றாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது நிற்கவில்லை.